ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை

ஜூலை 9, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்த மாரீஸ்வரி பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். என் பேத்தி. பதினொன்றாம் வகுப்பில் விவசாயப் பிரிவு எடுத்திருக்கிறாள். அதை நடத்திய ஞானபாக்கியம் டீச்சர் மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். புது ஆள் போடவில்லை. போடாவிட்டால் பிரிவை மூடிவிட்டுப் பிள்ளைகளை வேறு பிரிவில் உட்கார வைப்போம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். இவள் தலைவியாக இருக்கும் இளம் உழவர் மன்றத்துக்கு வந்த நிதியும் நின்றுபோயிற்று.

போன வருடம் நம் தென்னையில் வெள்ளை ஈ அடித்தபோது, மன்றத்தில் கேட்டு வந்து, மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டியவள் இவள்தான். விவசாயக் காலேஜுக்குத்தான் போவேன் என்று ஒரே பிடிவாதம்.

"கலெக்டருக்கு மனு எழுதப்போறேன் அப்பத்தா."

எழுதட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்காக யாரும் ஒரு வரி எழுதவில்லை. நிறுத்தியது யார் என்பதும் மறக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

விருதுநகர் போய்க் கொடுத்து வந்தோம். மனு ஒன்று, கோரிக்கை பதினொன்று. ஒருவர் மனு கொடுக்கப் போகிறார் என்றால் தெருவே தன் குறையை அதில் ஏற்றிவிடும். சுந்தரபாண்டியத்தில் அப்படித்தான். சீனியம்மாள் மகன் வேன் பிடித்துக் கொடுத்ததால் அவள் வாசல் தெருவிளக்கு முதலாவது.

இரண்டாவது என்னுடையது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் பொன்னுராஜ் என் வயல் வாய்க்காலை மறித்துச் சுவர் வைத்தான். 1991, புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணி. கொத்தனார் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்றும் சொல்வேன்.

மாரீஸ்வரியின் டீச்சர் கோரிக்கை ஒன்பதாவதாகப் போயிற்று. "என்னுது ரொம்பக் கீழ போகுதே அப்பத்தா" என்றாள்.

"எல்லாம் ஒரே தாளுதான்ட்டி. அவிய முழுசாப் படிப்பாவ" என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பதில் வந்தது. "தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு தெருவிளக்கு சரிசெய்யப்பட்டது. மனு முடிக்கப்பட்டது." அம்புட்டுதான். முதல் வரியைப் பார்த்துப் பேரூராட்சிக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட டீச்சருக்குப் பேரூராட்சி என்ன செய்யும்?

மாரீஸ்வரி தாளை நாலாக மடித்து வைத்தாள். "அந்த வாய்க்காலு உனக்கு என் படிப்பைவிடப் பெருசா அப்பத்தா?"

சாப்பிட வரவில்லை.

நான் என்னத்தச் சொல்ல. முப்பத்தி நாலு வருசம் பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு மாசம் பொறுக்கத் தெரியலையே — அந்தப் பிள்ள தாளுல போயி என் வயித்தெரிச்சலைக் கொட்டுனேனே.

ஆகஸ்ட் 22

விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

செப்டம்பர் 3, புதன்

மாரீஸ்வரி ஓடி வந்தாள். சட்டமன்ற மனுக்கள் குழு அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறது. எம்.எல்.ஏ.க்களே உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்கலாம், மீறினால் எடுக்கமாட்டார்கள் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாம்.

டீச்சர், மன்றம் என்று இரண்டாக எழுதாமல், விவசாயப் பிரிவைத் தொடர்ந்து நடத்த நிதி ஒதுக்குங்கள் என்று ஒன்றாகக் கேட்டு எழுதினாள். கெட்டிக்காரி.

மேலத்தெரு சங்கையா வாசலுக்கே வந்துவிட்டார். "பிள்ள, ஓரமா பஸ்ஸுக்கு ஒரு வரி போட்டுரு."

"தனியா எழுதிக்கிடுங்க" என்றேன்.

"நீயா பேசுத?"

"நான்தான்."

செப்டம்பர் 15, திங்கள்

மனுவில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். பேத்தி படிக்கட்டும் என்று நானே வீடு வீடாக நடந்தேன். இருபத்திரண்டு ஆயிற்று. மிச்சம் ஒன்று — சத்யப்பிரியா. அவள் அப்பா துபாயில். பொறுப்பு தாத்தாவுக்கு. தாத்தா பொன்னுராஜ்.

ராஜபாளையத்தில் அவன் உரக்கடைக்கே போனேன். முப்பத்து நாலு வருடத்தில் முதல் தடவை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று பக்கமும் படித்தான்.

"என்ன மதினி, இதுல என் சுவரைக் காணும்?"

"அதுக்குத் தனி மனு."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். கடைப் பையனை விட்டுக் கலர் சோடா வாங்கி வரச் சொன்னான். நான் குடிக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, இருந்தாலும் குடிக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

மண்டபம் கொள்ளாத கூட்டம். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களும் வந்திருந்தார்கள், பொன்னுராஜ் உட்பட. மேடையில் ஏழு எம்.எல்.ஏ.க்கள். எங்களைக் கூப்பிட மணி ஒன்று ஆகிவிட்டது.

மாரீஸ்வரி மைக்கைப் பிடித்தாள். "எங்க ஊருல வீட்டுக்கு வீடு தென்னை இருக்கு, பருத்தி இருக்கு. பூச்சி வந்தா உரக்கடையில குடுக்கிற மருந்தை அடிக்கோம். என்ன மருந்து, எதுக்குன்னு தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கிட ஒரு டீச்சர் கேக்கோம்."

எனக்கு முன் வரிசையில் பொன்னுராஜின் பிடரி அசையவில்லை.

"கம்ப்யூட்டர் படிக்கலாமேம்மா" என்றார் ஒரு எம்.எல்.ஏ.

"கம்ப்யூட்டருக்கு டீச்சர் இருக்காங்க சார். அதனால கேக்கல."

மண்டபமே சிரித்தது. கல்வி அதிகாரி எழுந்தார். அந்தப் பிரிவில் எட்டுப் பேர்தான் படிக்கிறார்கள், அதனால் ஆள் போடவில்லை என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "எட்டு இல்ல சார். இருபத்தி மூணு."

"பாட்டி, ரெக்கார்டுல—"

"ரெக்கார்டு கெடக்கட்டும். எழுதிக்கிடுங்க. கீழத்தெரு பரிபூரணம் மகன் சதீஷ். வடக்குத்தெரு செல்வலட்சுமி மக பாண்டிசெல்வி..." ஒவ்வொரு வாசலிலும் நின்றவள் நான், எனக்கா மறக்கும்? பதினேழாவது பெயரில் குழுத் தலைவர் கையை உயர்த்தி, பள்ளிக்கூடத்துக்குப் போன் போடச் சொன்னார். இருபத்து மூன்றேதான். எட்டு என்பது போன வருடக் கணக்கு. அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். "நல்ல ஞாபகம் பாட்டி. உங்களுக்குன்னு ஏதும் குறை இருந்தாச் சொல்லுங்க."

பொன்னுராஜ் மெல்லத் திரும்பினான். அவன் முகத்தில் இரத்தமில்லை. கையில் யாரோ கொண்டுவந்து கொடுத்த மைக், எதிரே ஏழு எம்.எல்.ஏ.க்கள், தப்பிக்க வழியில்லாமல் அவன். இப்படி ஒரு நாளை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன். மாரீஸ்வரி மேடையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைங்கய்யா. அந்தப் பிள்ள கேட்டதக் குடுங்க" என்றேன்.

டீச்சரும் நிதியும் உடனே வேண்டும் என்று குழு பரிந்துரைப்பதாகத் தலைவர் எல்லாரும் கேட்கச் சொன்னார். ஊர் வந்து சேரும்வரை மாரீஸ்வரி என் கையை விடவில்லை.

அக்டோபர் 9

முட்டி வலி. ஆனால் ராணி மாதிரி படுத்திருந்தேன்.

நவம்பர் 26, புதன்

ஒரு தகவலும் இல்லை. மேடையில் சொன்னது மேடையோடு போயிற்றா? அந்த ஏழு பேர் முகமும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது நல்லதில்லை.

டிசம்பர் 17, புதன்

ஆணை வந்துவிட்டது. எட்வின் சார் இன்று வேலையில் சேர்ந்தார், வ. புதுப்பட்டிக்காரர். மன்றத்துக்கும் இந்த வருட நிதி உண்டு. மாரீஸ்வரி படிக்கப் படிக்க, மூன்று தடவை கேட்டேன்.

ஜனவரி 24, சனி

மண் பரிசோதனை பழக, மன்றத்துப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் நம் வயலுக்கு வந்தார்கள். எட்வின் சார் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. யார் எங்கே தோண்ட வேண்டும், எவ்வளவு ஆழம் என்று எல்லாம் மாரீஸ்வரிதான் சொன்னாள். வரப்போரம் எடுக்கக்கூடாதாம், மரத்தடியில் எடுக்கக்கூடாதாம். நாற்பத்தெட்டு வருடம் இந்த மண்ணை மிதித்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

கிட்டத்தில் பார்க்கப் போனேன்.

"அப்பத்தா, அளந்து வச்ச எடத்துல நிக்கியே. செத்த தள்ளி நில்லு" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

தள்ளி நின்றேன்.