ஏறாத கால்

ஓகஸ்ட் 3, ஞாயிறு

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. முற்றத்தில் காயப்போட்ட செத்தல் மிளகாய் பாதி வேலியோரம் போய்விட்டது. பொறுக்க எழும்பி, கால் போடாதது ஞாபகம் வந்து திரும்ப இருந்துவிட்டேன்.

கால் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ஏறமாட்டேன் என்கிறது.

வெள்ளிக்கிழமை வவுனியாவில் கால் செய்கிற இடத்துத் தம்பி எவ்வளவோ அமத்திப் பார்த்தார். பவுடர் போட்டும் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருக்கிற துண்டு, பொய்க்காலின் கூட்டுக்குள் இறங்காமல் இரண்டு விரலளவு வெளியிலேயே நிற்கிறது. பிறகு தராசில் ஏற்றினார். 84 கிலோ. போன வருடத்துக் கொப்பியைப் புரட்டினார். 75. "அண்ணை, கால் சுருங்கேல்லை. நீங்கள்தான் ஊதிப்போனியள்" என்றார். சிரித்துச் சொல்லியிருந்தால் கோபித்திருக்கலாம். சிரிக்கவுமில்லை.

20ஆம் திகதி வரட்டாம். அதற்குள் உடம்பு இறங்கினால் இதே காலைச் சரிப்படுத்தலாம். இல்லையென்றால் புதிதாக அச்சு எடுக்கவேண்டும், வரிசை நீளம், ஐந்தாறு மாதம் செல்லும்.

ஐந்தாறு மாதம் ஊன்றுகோல். இரண்டு கையும் கோலுக்குப் போய்விடும். சட்டியை எதால் தூக்குவது? கால் போய்ப் பதினாறு வருடம், அதற்கு அழுது முடித்தாயிற்று. குசினியும் போய்விடுமோ என்றுதான் பஸ்ஸில் பயந்தேன். பக்கத்தில் இருந்த மனைவி கலாவுக்குச் சொல்லவில்லை. மனுசி சிரிப்பாள்.

ஓகஸ்ட் 4, திங்கள்

நேற்றிரவு கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டியது:

சோறு ஒரு அகப்பை.
தேத்தண்ணிக்குச் சீனி இல்லை.
பால்கறி கிழமைக்கு ஒருதரம்.
பொரியல் இல்லவே இல்லை.
உப்புப் பார்ப்பது ஒரேயொரு தரம்.

கடைசி விதி காலை நாலரைக்கே உடைந்தது. கத்தரிக்காய்ப் பால்கறியை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். புளி காணாது. விட்டேன். திரும்ப நக்கினேன். இன்றைக்கு எண்ணிப் பார்த்தேன், எல்லாக் கறிக்குமாகப் பதினொரு தரம். உப்புப் பார்ப்பதைச் சாப்பாடு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடிதான் சமைத்தேன். கதிரையில் இருந்தால் சட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது. வாசத்தை வைத்துத் தாளிப்பை இறக்கினேன். வெங்காயம் கொஞ்சம் கருகல்.

குளத்து ஜப்பான் மீன் குழம்பில் நடுத்துண்டு இரண்டும் கலாவின் பெட்டிக்கு. முருங்கையிலை வறை ஒரு பக்கம். எனக்குத் தலையும் குழம்பும். ஐந்தே முக்காலுக்குக் காமன்ற் தொழிற்சாலை பஸ் ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் அடிக்கும். அவள் அதற்கு முன்னமே ஓடிப்போய் நிற்பாள். தையல் வேலைக்குப் போகத் தொடங்கி இரண்டு வருடம். அன்றிலிருந்து குசினி என் பொறுப்பு. பொறுப்பு என்று வெளியில் சொல்லிக்கொள்வது. உண்மையில் ஆசை.

பின்னேரம் பெட்டி வழக்கம்போல அரைவாசியோடு திரும்பி வந்தது. மீன் ஒரு துண்டு அப்படியே. நேரமில்லையாம். விதிகளைப் பார்த்தேன். பெட்டியைப் பார்த்தேன். எறிவதா? கடைசிச் சண்டைக் காலம் கஞ்சிக்குப் போத்தலோடு வரிசையில் நின்ற ஆட்கள் நாங்கள். எனக்கு ஒரு பருக்கை எறியக் கை வராது. சாப்பிட்டேன்.

ஓகஸ்ட் 6, புதன்

மகள் துளசி வவுனியாவிலிருந்து போன் எடுத்தாள். கம்பஸில் யாரோ சொன்னார்களாம், காலையில் ஓட்ஸ் குடிக்கட்டாம். பேப்பர் ஊறவைத்தது மாதிரி இருக்கும், எனக்கு வேண்டாம் என்றேன். அவள் தாயோடு கதைத்தாள். நெடுநேரம். கலா "ஓம்... ஓம்... நான் பாக்கிறன்" என்று மட்டும் சொன்னது கேட்டது. அப்போதே விளங்கிவிட்டது, இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ முடிவெடுத்துவிட்டார்கள்.

போனை வைத்துவிட்டு வந்தாள். சமைக்கிறவன் கை சும்மா இருக்காது, ஆகவே நாளையிலிருந்து சமையல் அவளாம். நான் கத்தினேன். பன்னிரண்டு மணித்தியாலம் வெளியில் நின்றுவிட்டு வருகிறவள் அடுப்படியிலும் நிற்பதா என்றேன். அவள் கத்தவில்லை. "இஞ்சரப்பா, எனக்கு நீங்கள் நடக்கோணும். இருபதாம் திகதி மட்டும் குசினிக்குள்ள வராதேங்கோ" என்றாள்.

பெட்டிக்குள் இருந்த மிச்சத்தையும் இன்றைக்குக் கோழிக்குப் போட்டாள். கோழிகள் அடிபட்டன. பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

ஓகஸ்ட் 7, வியாழன்

வெக்கை. பகல் முழுக்கச் சும்மா. பேப்பர் இரண்டுதரம். ஊன்றுகோலோடு கோழிக்கூடு வரை போய் வந்தேன், கக்கம் எரிகிறது.

ஆறரைக்கு வந்தாள். முகம் கழுவாமல் நேரே அடுப்புக்கு. பருப்பு, சோறு, பூசணிக்காய் தண்ணிக்கறி. விறாந்தையில் இருந்துகொண்டு வாசம் பிடித்தேன். வெந்தயம் முந்திவிட்டது. "வெந்தயம் பிறகு போடும்" என்று இங்கிருந்தே சொன்னேன். பதில் இல்லை. "பருப்புக்கு உள்ளி தட்டினீரே?" அதற்கும் இல்லை. மூன்றாவது தரம் அகப்பைச் சத்தம் பலமாகக் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

உப்பு இல்லை. சொல்லவில்லை. ஒரு அகப்பையோடு கை கழுவ நல்ல வசதியாக இருந்தது.

எழுதினால் வெட்கம், ஆனாலும் எழுதுகிறேன்: எனக்குப் பொறாமை. என் சட்டிகளை அவள் தொடுகிறாள் என்று. அவள் களைத்து நிற்கிறாள், எனக்கு என் சட்டிதான் கவலை. நல்ல மனிசன்தான்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பக்கத்து வளவு மாரியண்ணன் நெல்லைப் பதர்போகத் தூற்றி மூட்டை கட்டுகிறார். நெல் ஏற்றத் தட்டிவான் வர முந்தி நிறுக்கவேண்டும் என்று பெரிய தராசை வேலியோரம் வைத்திருந்தார். நானும் ஏறட்டுமா என்று கேட்டேன். கோலைப் பிடித்துக்கொண்டார். 82 அரை. "அட, ஒரு மூட்டைக்கு மேலயே நிக்கிறீங்களே" என்றார். மலைநாட்டிலிருந்து வந்து நாற்பது வருடம், கதை இன்னும் அந்தப் பக்கம்தான். வெட்டுக்கு நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒன்றரைக் கிலோ இறங்கியிருக்கிறது, சிரித்தால் சிரிக்கட்டும் என்று நானும் சிரித்தேன்.

பிறகு அந்த மனுசன் செய்த காரியம்: குளத்தில் பிடித்த விரால் இரண்டு, உயிரோடு, வாளியில். என் கை தானாக மீனைத் தடவியது. நல்ல எண்ணெய்ச்சத்து. கொறுக்காய்ப்புளி போட்டு, மிளகாய் கூட, மண்சட்டியில் வற்றவிட்டால்...

கலா வாளியை வாங்கிக்கொண்டு போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. அரை மணித்தியாலம் கழித்து அவளே வாசலுக்கு வந்து புளி எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். போனாள். திரும்ப வந்து மிளகாய்த்தூள் எவ்வளவு என்றாள். சொன்னேன். ஐந்தாறு தரம் இப்படி. கடைசித்தரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலை சுத்துதாம். வெக்கைக்கு என்றாள். தேசிக்காய்த் தண்ணி குடியும் என்றேன்.

குழம்பு நல்லாக இருந்தது. எனக்கு ஒரு துண்டு. ஒன்றுதான். இரண்டாவதை அவள் தானே எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டாள்.

ஓகஸ்ட் 13, புதன்

மழை இருட்டுக் கட்டியது. பெய்யவில்லை.

தம்பி சொன்னபடி துண்டுக்குப் பட்டைத்துணி இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் இப்போது படுக்கை. காலையில் அவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு விரலுக்குத்தான் மிச்சம்!

ஒரு கிழமையாகப் பெட்டி வெறுமையாக வருகிறது. கழுவிக்கூடக் கொண்டுவருகிறாள். தான் சமைத்தால்தான் அவளுக்கு இறங்கும் போல. இரண்டு வருடம் நான் விதவிதமாகக் கட்டிவிட்டது அரைவாசி திரும்பி வந்தது, இவளுடைய உப்பில்லாப் பருப்பு முழுக்கப் போகிறது. நோகத்தான் செய்தது. ஆனால் எனக்குத் தின்ன மிச்சமில்லை என்பதும் உண்மை, அதனால்தான் இறங்குகிறது.

இரவு வந்ததும் படுத்துவிட்டாள். பசியில்லையாம். வேலையிடத்தில் யாரோ பிறந்தநாள் கேக் தந்தார்களாம்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

ஏறியது.

மெல்லிய சொக்ஸோடு. இறுக்கிப் பிடிக்கிறது, முட்டியடியில் எரிகிறது, ஆனால் அடிவரை இறங்கியது. எழும்பி நின்றேன். கட்டிலிலிருந்து குசினி வாசல் வரை பதினெட்டு அடி. வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே போகவில்லை, சொன்ன சொல்.

கலா உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். சவர்க்காரக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திரும்பித் தோய்க்கத் தொடங்கிவிட்டாள். அழுதாளா தெரியவில்லை. நான் அழுதேன்.

ஓகஸ்ட் 20, புதன்

பரந்தனில் பஸ் பிடித்து வவுனியா. கலா லீவு போட்டு வந்தாள். பஸ் முழுக்க என் தோளில் நித்திரை.

81. கால் ஏறிற்று. தம்பி கூட்டின் உள்பக்கத்தை இரண்டு இடத்தில் தேய்த்துத் தந்தார். எரிவு குறைந்துவிட்டது. இன்னும் மூன்று கிலோ இறக்கச் சொன்னார். கொப்பியில் எழுதினார். அவ்வளவுதான் என்று எழும்பினேன்.

அங்கே எழுதுகிற பிள்ளை ஒருத்தி கலாவையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்கா, நீங்களும் ஒருக்கா ஏறுங்கோ" என்றாள். கலா மாட்டேன் என்றாள். பஸ் போய்விடும் என்றாள். நான்தான் பகிடியாக, பயமா என்று கேட்டேன். கைப்பையோடு ஏறினாள். 39. பிள்ளை கைப்பையை வாங்கி வைத்தாள். 38.

வேலைக்குச் சேர்ந்தபோது இவளை நிறுத்து எழுதிக்கொடுத்த சீட்டு வீட்டில் இருக்கிறது. 46.

பஸ் நிலையத்து வாங்கில் இருத்திவைத்துக் கேட்டேன். மத்தியானம் என்ன சாப்பிடுகிறீர்?

"பணிசும் பிளேன்ரீயும். காலமை எழும்பிக் கட்டப் பஞ்சியாக் கிடக்கு."

அப்போ பெட்டி? வெறும் பெட்டியைத்தான் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறாள். நான் கேள்வி கேட்பேனாம்.

அதுக்கு முந்தி? நான் கட்டித் தந்த காலத்தில்? அரைவாசி ஏன் திரும்பி வந்தது?

பஸ் ஒன்று வந்து போனது. பிறகு எரிச்சலோடு சொன்னாள்:

"நல்ல துண்டெல்லாத்தையும் எனக்குக் கட்டினால் நீங்கள் என்னத்தைத் தின்னுறது? நீங்கள் தலையையும் குழம்பையும் தின்னுறது எனக்குத் தெரியாதே? அதுதான் மிச்சம் பிடிச்சுக்கொண்டு வந்தனான். நேரமில்லை எண்டு சொன்னால் நீங்கள் தின்னுவியள்."

நான் என்ன செய்தேன்? பெட்டி திரும்பி வர வர, ருசி காணாதாக்கும் என்று இன்னும் கொஞ்சம் பால் விட்டேன், இன்னும் ஒரு துண்டு வைத்தேன். போன வருடம் பெட்டியைக்கூடப் பெரிதாக வாங்கினேன். அவள் பெரிய பெட்டியில் அரைவாசி கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்து தின்றேன். இவளுக்கென்று வைத்ததெல்லாம் என் காலில் ஏறியிருக்கிறது.

"விசரி" என்றேன். "ஓம்" என்றாள். பரந்தனால் போகிற பளை பஸ் வந்தது, ஏறினோம்.

ஓகஸ்ட் 21, வியாழன்

நாலு மணிக்குக் கால் போட்டுக்கொண்டு குசினிக்குள். அவள் தடுக்கவில்லை, படுத்திருந்தாள்.

குரக்கன் பிட்டு. முட்டைப் பொரியல். மாரியண்ணன் வீட்டுப் பாலில் ஒரு கப். உப்பு ஒருதரம் பார்த்தேன், துப்பினேன். துப்பலாம் என்பது இவ்வளவு காலமும் எனக்குத் தெரியவில்லை.

பெட்டியைப் பிறகு கட்டலாம். கோப்பையில் போட்டு முன்னால் வைத்தேன். இங்கே, இப்போ, என் கண்ணுக்கு முன்னால். மத்தியானத்துக்கு அங்கே தின்னத் தனியாகக் கட்டித் தருகிறேன், மிச்சம் வந்தால் நேரே கோழிக்கு, நான் தொடமாட்டேன் என்றேன். முட்டையில் அரைவாசியை என் பக்கம் தள்ளினாள். திருப்பித் தள்ளினேன். "நேரம் போட்டுது அப்பா" என்றாள். மெல்ல மெல்லத்தான் சாப்பிடுகிறாள், தொண்டை பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

ஹோர்ன் கேட்டது. கோப்பையை வைத்துவிட்டு எழும்பினாள். தோளில் கை வைத்து அமத்தினேன். சட்டைக்குள் எலும்புதான் கையில் பட்டது. இந்தக் கை பதினொரு தரம் உப்புப் பார்த்த கை, இவளை ஒருதரம் தொட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாம் ஹோர்ன். மூன்றாவதும். பிறகு பஸ் போகிற சத்தம். கலா என்னை ஏசிக்கொண்டே இருந்தாள், நாளைக்குச் சூப்பர்வைசருக்கு யார் பதில் சொல்வது என்று. பிட்டு இன்னும் கொஞ்சம் இருந்தது. வைத்தேன். சாப்பிட்டாள்.