ரயிலை நிறுத்தச் சொல்லும் மனு

14.3.2006, செவ்வாய்

சாயங்காலம் வேன்கார சுப்பிரமணி மனுவோடு வந்தார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாம். தினமும் காலையில் எங்கள் ஊர் வழியாகப் பயணிகள் ரயில் போகிறது; நிற்பதில்லை. நின்றால், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் இவருடைய வேனை நம்பியிருக்க வேண்டாம். ஆனால் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதே இவர்தான். அதுவே உறுத்தியது.

வாங்கிப் படித்தேன். "எங்கள் ஊர் வழியாகச் செல்லும் காலை ரயிலை நிறுத்த வேண்டும். குழந்தைகளும் மாடுகளும் தண்டவாளத்தைக் கடக்கின்றன."

ரயிலே வேண்டாம் என்று ஊர் கேட்பதாகவும் இதைப் படிக்கலாம்.

"'எங்கள் ஊரில்' என்று திருத்திவிடுங்கள்" என்று பேனாவை நீட்டினேன்.

"கையெழுத்து வாங்குனதுக்கப்பறம் திருத்தக் கூடாதுங்க சார். பத்திரிகைக்காரரு, உங்களுக்குத் தெரியாததுங்களா?"

சொன்னது சரிதான். சொல்லிவிட்டு எதற்குச் சிரித்தார்? நான் கையெழுத்துப் போடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

அவர் போனதும் பக்கத்து வீட்டு ஜெசிந்தா வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கம்பெனியில் செக்கிங் வேலை. வேன் நிறைந்துவிட்டால் அவளை ஏற்றுவதில்லை.

"இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலை இல்லன்னு சொல்லிட்டாவ, அண்ணாச்சி. மனுவுல மொதக் கையெழுத்தே நாந்தான். இனி ரயில் நிக்கும்லா?"



சுப்பிரமணி நாளை மறுநாள் மனுவைக் கொடுக்கிறாராம். இப்போது வேறு தாளில் 'எங்கள் ஊரில்' என்று தொடங்கி ஒரு மனு எழுதி முடித்தேன். காலையில் அதை முதலில் அவரிடம்தான் நீட்டப்போகிறேன். கையெழுத்துப் போடுகிறாரா, பார்க்கலாம்.