உங்கள் மகனின் பெயர்

அத்தைக்கு,

இன்று சந்தையில் தலைக்குத் தேய்க்க அரப்புத் தூள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் உங்கள் ஈரத்தலை வாசம் வந்து நின்றது. மருமகளாக உங்கள் வீட்டில் இருந்த காலம் முழுக்க அந்த வாசத்துக்குப் பயந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு நீங்கள் அடுப்படிக்குள் வந்தால் எதற்காவது ஏச்சு விழும். இன்றும் பயந்தேன். காரணம்தான் வேறு.

உங்கள் மகன் என்னைப் பிள்ளையோடு வெளியே அனுப்பிவிட்டு, சேலம் கோர்ட்டில் விவாகரத்துக்கு மனுவும் போட்டார். நான் எனக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்சம் கேட்டிருந்தேன். வக்கீல் வைக்க வழியில்லை. "கோர்ட்டுப் படி ஏறுனயின்னா எம்பட ஊட்டுப் படி ஏறாதே" என்று அப்பா சொல்லிவிட்டார். முதல் வாய்தாவுக்கு நானே போய் நின்று பேச வேண்டும். நாமக்கல்லில் ஒற்றை அறை ஒன்றில், என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாய்தாவுக்கு முந்தின நாள், தலை காயாமல், மோகனூர் பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். சண்டைக்குத்தான் வந்தீர்கள் என்று நினைத்தேன்.

"ஏனம்மணி, நாளைக்கு அவன் வெறும் மானாவாரிக் காடுதான் இருக்குதும்பான். உட்டுறாதே. ஆத்தோரம் வெத்தலைக் கொடிக்கால் இருக்குது, கரும்பு தனியா நிக்குதுன்னு சொல்லு."

"பெத்த மகனுக்கு எதிராவா சொல்றீங்க அத்தை?"

"எம்பட பேத்தி கஞ்சிக்கு நிக்கோணுமா?" என்றீர்கள். அவ்வளவுதான் பதில்.

பிறகு நீங்களே ஜட்ஜாகி உட்கார்ந்தீர்கள். "உம்பட புருசன் பேரு என்ன?" அந்தப் பெயரை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கட்டினவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். உங்களையும் அப்படித்தான். வக்கீல் இருந்தால் அவர் சொல்லிவிடுவார். எனக்கு யார் இருக்கிறார்கள்?

"என்னால ஆவாதுங்க அத்தை" என்று அழுதேன். துரத்திவிட்ட ஆளின் ஆயுசுக்காக அழுதேன் பாருங்கள், நான் ஒரு கிறுக்கி.

நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள். "நா வெச்ச பேரு அது. எம்பின்னாடியே சொல்லு. அவனுக்குக் கொறையாது. கொறைஞ்சா எனக்குக் கொறையட்டும்."

நீங்கள் சொன்னீர்கள். நான் சொன்னேன். தூங்கிய குழந்தை எழுந்து அழும்வரை சொல்லிக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் கோர்ட்டில் உங்கள் மகன் பக்கத்தில், என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றீர்கள். ஜட்ஜ் பெயரைக் கேட்டார். நான் தயங்கியதும் எதிர்த்தரப்பு வக்கீல், "புருஷன் பேரே தெரியலை, சொத்து மட்டும் தெரியுமாக்கும்" என்று சிரித்தார். நான் உங்களைப் பார்த்தேன். உங்கள் உதடு அசைந்தது. சொல்லிவிட்டேன். அதன் பிறகு கொடிக்காலும் கரும்பும் தானாக வாயில் வந்தன. அடுத்தடுத்த வாய்தாக்களில் எங்கள் கஞ்சிக்கு வழி பிறந்தது.

அந்த வருஷமே நீங்கள் போய்விட்டீர்கள். காய்ச்சல் என்றார்கள். என்னைச் சாவுக்கு வர விடவில்லை. காய்ச்சல்தான் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மனசு கேட்கவில்லை. உங்கள் மகனைக் கடைவீதியில் பார்க்கிறேன். திடமாகத்தான் இருக்கிறார்.

உங்கள் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா பெயர் என்ன என்றார்கள். போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். நானும் மெல்லச் சொல்கிறேன். சொன்னதும் யாருக்கு என்ன ஆகுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். குறைவதற்கு அத்தையிடம் இனி ஆயுசு இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படியும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.