மங்களம் டீச்சரின் கேக் கிளாஸ்

9 ஜனவரி 1999, சனி

இன்றும் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கவில்லை. கண்டக்டர் அந்தப் பெயரை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். நான் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுகிற மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த ஸ்டாப்பான டெய்ரி சர்க்கிளில் இறங்கி, முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். பத்து நிமிஷ நடை. எனக்கு முன்னால் ஒரு அம்மாள் அதே மாதிரி முக்காட்டோடு போனார். பின்னால் ஒருவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். மூன்று பேரும் ஒரே கேட்டுக்குள் நுழைந்தோம், ஒருவரை ஒருவர் பார்க்காமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதம் கழித்து வருகிற சிரிப்பு, அது போய் இந்த வாசலிலா வர வேண்டும்?

மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டர் ஸ்ரீகண்டனிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

10 ஜனவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது அண்ணி கேட்டுவிட்டாள். "பவுலி, ஒரு சனி விட்டு ஒரு சனி எங்கதான் போறே?"

நான் பொய் சொல்லிப் பழகாதவள். முப்பத்தொன்பது வயதில் முதல் பெரிய பொய்யை எப்படிச் சொல்வது? பேக்கரி வாசலில் நின்றிருந்தோம். கண்ணாடிக்குள் கேக் இருந்தது.

"கேக் கிளாஸுக்கு அண்ணி. அடுகோடியில."

"யார் நடத்துறாங்க?"

எதிரே சுவரில் 'மங்களம் ஸ்டோர்ஸ்' என்று எழுதியிருந்தது. "மங்களம் டீச்சர்."

"மங்களமா? அவங்க முட்டை தொடுவாங்களா?"

"முட்டை போடாத கேக்குதான் சொல்லித் தர்றாங்க."

எப்படி வந்தது இந்த வாய்? ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஒரு விஷயம் சேர்ந்தது.

23 ஜனவரி, சனி

உண்மையைச் சொல்ல முடியாததற்குக் காரணத்தை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். போன மே மாதம் ஆபீஸில் ஒரு கடிதம் டைப் அடித்தேன். 'ரெஸ்பெக்டட் சார்' என்று பதினேழு தடவை அடித்திருந்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. நெஞ்சு படபடத்தது. மூன்று தடவை ஈசிஜி எடுத்தேன், இதயம் நன்றாக இருந்தது. கடைசியில் எங்கள் தெரு டாக்டர்தான் இந்த மனநல ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தந்தார். அந்தச் சீட்டு மூன்று மாதம் என் பைபிளில் யோபு ஆகமத்துக்குள் இருந்தது.

பிரிஜெட் அண்ணி பஸ்ஸில் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்வாள். கெட்டவள் இல்லை. எனக்குத் தலைவலி என்றால் இஞ்சி தட்டிக் கொடுப்பவள்தான். ஆனால் அண்ணன் மகன் டெரிக்குக்குப் பெண் பார்க்கிறார்கள். அங்கே போகிற அத்தை ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள்? இருபத்தைந்து வருஷம் தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தை நானே கெடுப்பதா? அதற்காக மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி அந்தப் பதினேழாவது வரியில் போய் நிற்பதா? இரண்டும் முடியாது. ஆகவே மங்களம் டீச்சர்.

6 பிப்ரவரி, சனி

அண்ணி ஆதாரம் கேட்கிறாள். "ஒரு மாசமாச்சு. ஒரு துண்டு கேக் கண்ணுல காட்டலியே?"

நல்லவேளை, ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு பேக்கரி இருக்கிறது. குணமாகி வருகிறவர்கள் பகலில் வந்து வேலை செய்கிற இடம். சின்ன ஜன்னல் வழியாக பன் விற்கிறார்கள். ஆறு பன் வாங்கி, பெயர் போட்ட பையைக் கிழித்தெறிந்துவிட்டு என் டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுபோனேன்.

"கேக் கிளாஸ்ல பன்னா?"

"முதல்ல பன்தான் அண்ணி. பன்னு வந்தாத்தான் கேக்கு வரும்."

அண்ணன் நாலு பன் தின்றார். இப்போதெல்லாம் சாப்பாட்டைச் சரியாகத் தொடாத மனிதர்.

20 பிப்ரவரி, சனி

இன்று கேக் வேண்டும் என்று பேக்கரி ஜன்னலில் கேட்டேன். மாஸ்டர் பெருமாள்சாமி எட்டிப் பார்த்தார். பொம்மனஹள்ளிக்காரர். முன்பு சொந்தமாக பேக்கரி வைத்திருந்தவராம். பதினொரு வருஷமாக இங்கே வருகிறார், அதில் கடைசி ஆறு வருஷம் அடுப்பு அவர் பொறுப்பு.

என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். மங்களம் ஸ்டோர்ஸ் முதல் பன் வரை. முகம் மாறாமல் கேட்டார். பக்கத்தில் கிரீம் கலக்கிக்கொண்டிருந்த ஜானகி என்கிற பெண் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

பெருமாள்சாமி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "முட்டை இல்லாம எனக்கு வராதும்மா. அதை மட்டும் நீங்க சமாளிச்சுக்குங்க."

ஆக, டாக்டரைப் பார்த்தபின் ஒரு மணி நேரம் நானும் அங்கே மாவு சலிக்கிறேன். பொய் சொன்ன பாவத்துக்கு உண்மையாகவே கேக் கற்றுக்கொள்கிறேன். முதல் கேக்கை முட்டை போடாதது என்று சொல்லி அண்ணியிடமே கொடுத்தேன்.

7 மார்ச், ஞாயிறு

டெரிக்குக்குப் பெண் அமைந்துவிட்டது. ஆஞ்சலா. பேச ஆரம்பித்தால் நிறுத்தாத பெண், எனக்குப் பிடித்துவிட்டது. மே ஐந்தாம் தேதி கல்யாணம்.

பெண்ணின் அம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "குடும்பத்துல சுகர், பிரஷர்... வேற அந்த மாதிரி எதுவும்...?" என்று குரலைத் தாழ்த்தினார். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க பரம்பரையிலேயே கிடையாதுங்க."

பரம்பரையின் ஒரு பாகம் கேசரித் தட்டோடு கதவோரம் நின்றிருந்தது. அதற்குள் அண்ணி பெருமையோடு, "கல்யாண கேக்குக்குக்கூட வெளிய போக வேணாம். எங்க பவுலினே செய்வா. மூணு அடுக்கு" என்றாள்.

மூணு அடுக்கு!

20 மார்ச், சனி

மூன்று அடுக்கு என்றதும் பெருமாள்சாமி முதல் முறையாகச் சிரித்தார். "எத்தனை பேருக்கு?" "முந்நூறு." பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். ஜானகி ஐசிங்கில் ரோஜா போடுவாள். நூற்றிருபது ரோஜா என்றாள், அவளாகவே.

நான் குதியாட்டம் போட்டுக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனேன். ஸ்ரீகண்டன் பேனாவைக் கீழே வைத்தார். "ரொம்ப சந்தோஷமா இருக்கீங்களே. தூக்கம் எப்படி? செலவு எதுவும் அதிகமாப் பண்றீங்களா?"

"அழுதா மாத்திரை, சிரிச்சா விசாரணையா டாக்டர்?"

அவரும் சிரித்தார். ஆனாலும் தூக்கத்தைப் பற்றி எழுதிக்கொண்டார். நன்றாகத் தூங்குகிறேன். சந்தோஷமாக இருப்பதற்கு எனக்கு இப்போது காரணம் இருக்கிறது, நூற்றிருபது ரோஜா.

2 ஏப்ரல், பெரிய வெள்ளி

அண்ணன் தொழிற்சாலையில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். விருப்ப ஓய்வு என்று பெயர், யாருடைய விருப்பமோ. அண்ணன் பெயர் அதில் இருக்கிறது. கோயிலில் பாடகர் குழுவில் எப்போதும் கீழ்க்குரல் அவருடையதுதான். இன்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார்.

10 ஏப்ரல், சனி

காலையில் அண்ணன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். நான் துணி காயப்போட்டு, பூச்செடிக்குத் தண்ணீர் விட்டு, உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் வண்டியைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "பெட்ரோல் மிச்சமா அண்ணா?" என்று கேலி செய்தேன். திடுக்கிட்டுக் கிளப்பிக்கொண்டு போனார்.

கேலி செய்திருக்க வேண்டாமோ?

17 ஏப்ரல், சனி

அண்ணி கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். உறையின் மேல் அழகான கையெழுத்தில் 'திருமதி மங்களம் டீச்சர், குடும்பத்துடன்'. கூடவே ஒரு ரவிக்கைத் துண்டு.

இல்லாத மனுஷிக்கு ரவிக்கைத் துண்டு. அந்தக் கலர் ஜானகிக்கு நன்றாக இருக்கும், கொடுத்துவிட்டேன். பத்திரிகை என் கைப்பையிலேயே இருக்கிறது.

30 ஏப்ரல், வெள்ளி

விபரீதம். மூன்று அடுக்கு கேக்கை பஸ்ஸில் கொண்டுவர முடியாது! ஒன்றரை மாதமாகத் திராட்சை ஊறவைத்தோம், முந்திரி நறுக்கினோம், ரோஜா எண்ணினோம். இந்த ஒன்றை மூன்று பேரில் யாரும் யோசிக்கவில்லை. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போடுவாரா?

அண்ணனே சொல்லிவிட்டார், "டெரிக்கோட ஃபிரெண்ட் ராகேஷ்கிட்ட ஆம்னி வேன் இருக்கு. செவ்வாக்கிழமை நான் ஓட்டிட்டு வர்றேன். அட்ரஸ் சொல்லு."

"டெய்ரி சர்க்கிள்ல நில்லுங்கண்ணா. நான் கொண்டாந்துடறேன்."

"மூணு அடுக்கையும் நீயேவா?"

4 மே, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மூன்று அடுக்குக்கு மூன்று பேர். பெரியது பெருமாள்சாமி கையில், நடுவிலுள்ளது அங்கே அட்டெண்டராக இருக்கும் முனிகிருஷ்ணன் கையில், சின்னது என் கையில். ஜானகி ரோஜாப் பெட்டியோடு. கேட்டைத் தாண்டி நாலடி வைத்திருப்போம், சடசடவென்று மழை. முனிகிருஷ்ணன் ஓடிப்போய் வாட்ச்மேனிடமும் ஓபிடி சீட்டு வரிசையில் இருந்தவர்களிடமும் குடை கேட்டார். ஆச்சரியம், எல்லோரும் கொடுத்தார்கள். சிலர் கொடுத்ததோடு நிற்காமல் தாங்களே பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்கள். ஜனவரியில் பார்த்த முக்காட்டு அம்மாள் இன்று முக்காடு இல்லாமல் என் கேக்குக்குக் குடை பிடித்தார். ஓசூர் ரோட்டில் லாரிகள் நின்று வழி விட்டன. தேர் மாதிரி போனோம்.

நூறடி போவதற்குள் எதிரே வேன் வந்து நின்றது. மழையைப் பார்த்துவிட்டு அண்ணன் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் இருந்த கேட்டைப் பார்த்தார். கேட்டின் மேல் இருந்த போர்டைப் படித்தார். முனிகிருஷ்ணனின் காக்கிச் சட்டையில் அதே பெயர் தைத்திருந்தது.

அவ்வளவுதான், போச்சு, எல்லாம் போச்சு, டெரிக் கண்ணா மன்னிச்சுக்கோடா என்று மனசுக்குள் அலறினேன்.

"நீ எத்தனை மாசமா?" என்றார் அண்ணன்.

"ஒம்பது மாசமாண்ணா."

அண்ணன் வேனின் பின்கதவைத் திறந்தார், சீட்டை மடக்கினார், கேக்குகளை ஒவ்வொன்றாக வாங்கித் தானே உள்ளே வைத்தார். பிறகு பெருமாள்சாமியிடம், "யார் மாஸ்டர்? நீங்களா?" என்றார். அவர் தலையாட்டினார். அண்ணன் என் பக்கம் கையை நீட்டி, "பிரிஜெட் குடுத்த பத்திரிகை இருக்கா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மங்களம் டீச்சர் பெயரை அடித்துவிட்டுப் பெருமாள்சாமி என்று எழுதி, இரண்டு கையாலும் கொடுத்தார். "குடும்பத்தோட வரணும்."

வீடு வரை ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் நின்று, திரும்பி, கேக்கைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

6 மே, வியாழன்

நேற்று கல்யாணம். கேக் நிமிர்ந்து நின்றது. பெருமாள்சாமி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஆஞ்சலாவின் அம்மா இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு, "உங்க பேக்கரி எங்க இருக்கு?" என்று அவரிடம் கேட்க, அவர் உள்ளபடியே, "ஆஸ்பத்திரியிலங்க" என்றார்.

"அதான் இவ்வளவு சுத்தம்" என்றார் அந்த அம்மாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. அண்ணன் முந்திக்கொண்டு, "என் தங்கச்சி அவர்கிட்டதான் கத்துக்கிட்டா" என்றார், மண்டபத்துக்கே கேட்கிற குரலில். எத்தனையோ நாள் கழித்து அவருடைய பழைய குரல் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. எழுதியே ஆக வேண்டும், நல்ல அழுகை.

7 ஜூன், திங்கள்

அண்ணன் வேலை முடிந்து வீட்டோடு வந்து ஒரு வாரம். இன்று காலையும் ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். போவதற்கு இடமே இல்லை, இருந்தும் உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை நான் கேலி செய்யவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

கண்ணாடி மூடிக்குள்ளிருந்து கேட்டார். "பவுலி, அந்த கிளாஸ்ல ஆம்பளைங்களைச் சேத்துக்குவாங்களா?"

"சேத்துக்குவாங்கண்ணா."

"எனக்கு ஐசிங் எல்லாம் வேணாம்."

"தெரியும்ணா."

11 ஜூன், வெள்ளி

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அண்ணன் கேட்டது உள்பட. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஓடுவதற்குத் தயாராக.

"மங்களம் டீச்சர் இல்லேன்னு பிப்ரவரியிலயே தெரியும்" என்றாள் அண்ணி. "முட்டை போட்ட கேக்கைக் குடுத்து முட்டை இல்லேங்கறே. இருபத்தாறு கிறிஸ்துமஸுக்குக் கேக் பண்ணினவகிட்ட."

"அப்ப நான் எங்க போறேன்னு நெனச்சீங்க?"

"யாரோ ஒரு ஆளைப் பாக்கப் போறேன்னு நெனச்சேன். சரி, வயசும் ஆயிடுச்சு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு ஒரு கள்ளக் காதலனை மன்னித்திருக்கிறாள்! அண்ணி சிரிக்கவில்லை. "அங்க போறேன்னு மட்டும் நெனைக்கவே இல்ல பவுலி. நெனச்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "அவரையும் கூட்டிட்டுப் போ. காலையில வெறும் வயித்துல போகாதீங்க" என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போனாள்.

12 ஜூன், சனி

ஸ்கூட்டரில் போனோம். பழக்கதோஷத்தில், "டெய்ரி சர்க்கிள்ல நிறுத்துங்கண்ணா, அங்கேருந்து நடந்துடலாம்" என்றேன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு நேரே கேட்டுக்குள் விட்டார்.

வீரம் அவ்வளவுதான். வண்டியை நிறுத்திய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சீட்டு வாங்குகிற வரிசையில் ஹெல்மெட்டோடு. பெஞ்சில் என் பக்கத்தில் ஹெல்மெட்டோடு. அண்ணி கட்டிக் கொடுத்த இட்லியை மூடியைத் தூக்கித் தூக்கித் தின்றார். முனிகிருஷ்ணன் வந்து, "சார், ஹெல்மெட் தெகீரி" என்று கன்னடத்தில் இரண்டு தடவை கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாடி ஜன்னலிலிருந்து ஜானகி கையசைத்தாள். அண்ணனும் ஹெல்மெட்டோடு கையசைத்தார்.

ஒன்றே கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "ஆம்ப்ரோஸ்."

அண்ணன் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். இரண்டாவது தடவை கூப்பிட்டதும் எழுந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றினார். முடி வேர்வையில் ஒட்டியிருந்தது. ஹெல்மெட்டை என் மடியில் வைத்து, "பத்திரமா வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்பக்கம் ரொம்ப நேரம் சூடாகவே இருந்தது.