மூன்று மணிக்கு வீட்டுக்குப் போவது

ஜனவரி 14, செவ்வாய்

இன்றும் பிடித்து வைத்துவிட்டார்கள். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டியவள், குளிர்கோட்டைக் கையில் எடுத்தாயிற்று. லெஃப்டினன்ட் ஆஸ்ட்பி வாசலில் வந்து நிற்கிறார். "கார்லா, சாயங்கால ஷிஃப்ட்டுக்கு ரெண்டு பேர் வரலம்மா. நீ இருந்துடு." கேட்பது போலத்தான் சொல்வார். மாட்டேன் என்றால் வேலை போய்விடும். கவுண்டியின் மாவட்டச் சிறையில் காவலராகப் பதினோரு வருடமாக இப்படித்தான்; இந்தக் குளிர்காலத்தில் ரொம்ப மோசம். போன வாரம் மூன்று தடவை. இந்த வாரம் இப்போதே ஆரம்பித்தாயிற்று.

என் மகள் பெக்காவைப் பக்கத்து வீட்டு லிண்ட்க்விஸ்ட் அம்மாதான் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்தார். நான் வந்தபோது குழந்தை அவர் வீட்டு சோபாவில் ஷூவோடு தூங்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு இனிமே முடியாது கார்லா. இந்த மாசம் வரைக்கும் பாத்துக்கறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாதம் நான் என்ன செய்வேன்? வேலையை விட வேண்டியதுதானா?

விட மாட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

கவுண்டியோடு புது ஒப்பந்தம் பேசப்போகும் சங்கக் குழுவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ரோந்து போகிற போலீஸ்காரர்களான டெபுடிகளும் சிறைக் காவலர்களான நாங்களும் ஒரே சங்கம், ஒரே ஒப்பந்தம். ஆனால் அவர்கள் கூட்டம் பெரிது. குழுவில் சிறையிலிருந்து நான் ஒருத்திதான்.

கட்டாய இரண்டாம் ஷிஃப்ட் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. இதுதான் நான் கேட்டது. சங்கத் தலைவர் ட்வேன் கெஸ்லர் நல்ல மனுஷன்தான். ஆனால் இருபது வருடமாக ரோந்து வண்டியில் உட்கார்ந்தவர், சிறைக்குள் ஒரு முழு ஷிஃப்ட் நின்றதில்லை. "எழுதிக் குடு. எழுதறதுக்கு என்ன, காசா பணமா" என்று சிரித்தார்.

ஜனவரி 30, வியாழன்

கவுண்டி கட்டிடத்தின் அடித்தள அறை. ஹீட்டர் இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. கவுண்டியின் வக்கீல் வோல்ட் எலுமிச்சைக் கேக் துண்டுகளை எல்லோருக்கும் நீட்டிவிட்டு, இனிமையாகச் சொன்னார்: "சம்பளத்த தாராளமாவே ஏத்தித் தர்றோம். அந்த ஷிஃப்ட் ஷரத்த மட்டும் எடுத்துடுங்க."

கெஸ்லர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டுக்கு விடுகிறோம் என்று சொல்லிவிட்டார். ஓட்டு என்றால் முடிந்தது கதை. சம்பள உயர்வை எந்த டெபுடி வேண்டாம் என்பான்? நாங்கள் வேலைநிறுத்தமும் செய்யக் கூடாது, சட்டம் தடுக்கிறது. நான் அந்தக் கேக்கைத் தொடவில்லை. பெரிய வீரம்!

பிப்ரவரி 3, திங்கள்

லிண்ட்க்விஸ்ட் அம்மா எங்கள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி பள்ளி முடிந்ததும் பெக்கா தனியாக வீட்டில். எட்டு வயசு.

பிப்ரவரி 6, வியாழன்

ஒரு யோசனை. பல் துலக்கும்போது வந்தது.

டெபுடி ஒரு ஆளைக் கைது செய்து கொண்டுவந்தால், உடல்நலக் கேள்விகள் கேட்டு, பையில் இருப்பதை எண்ணி, நாங்கள் கையெழுத்துப் போடும்வரை அந்த டெபுடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். விதி அது. ஆனால் எத்தனையோ வருடமாக, "நீ போப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பிவிடுகிறோம். கூட வேலை செய்கிறவன், பசியோடு நிற்கிறானே என்று ஒரு தயவு. அவர்களும் போய்ச் சாப்பிடுகிறார்கள். சிறை தானாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தயவை நிறுத்திவிட்டால்? உட்கார்ந்து பார்த்தாலாவது தெரியாதா?

மதியம் ரெனாட்டாவிடம் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், கட்டாய ஷிஃப்ட்டில் என்னைவிட அதிகம் மாட்டிக்கொள்கிறவள். பயந்துவிட்டாள். "இது வேலைநிறுத்தம்னு சொல்லிட மாட்டாங்களா?"

"விதியில இருக்கறதச் செய்யறது எப்படிடி வேலைநிறுத்தம் ஆகும்? ஒரு நிமிஷம்கூட மெதுவா செய்யப் போறதில்ல. போன்னு மட்டும் சொல்லப் போறதில்ல."

பிப்ரவரி 8, சனி

முதலில் மாட்டியவர் கெஸ்லரே. குடித்துவிட்டு அஞ்சல் பெட்டிகளை இடித்துக்கொண்டு வண்டி ஓட்டிய ஒருவனோடு வந்தார். அவன் எல்லோரையும் கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தான். யார் கல்யாணம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சரி, நான் கிளம்பறேன்."

"இருங்க ட்வேன். இன்னும் கேள்வியே ஆரம்பிக்கல."

"என்ன வெளாடறியா?"

"ரெண்டு பேர் செய்ய வேண்டியத நான் ஒருத்தி செய்யறேன். நேரமாகும். உக்காருங்க."

உட்கார்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. பத்து நிமிடத்தில் ரேடியோவில் அழைப்பு, நெடுஞ்சாலையில் விபத்து. நான் உடனே "போங்க, போங்க!" என்றேன். உயிர் போகிற விஷயத்தில் விதி பேசுகிறவள் இல்லை நான். ஓடினார்.

அவர் திரும்பி வந்ததுதான் ஆச்சரியம். வர வேண்டிய அவசியமே இல்லை. பனியில் நனைந்த தொப்பியோடு அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின ஷிஃப்ட்டிலிருந்தே நிற்கிற ரெனாட்டா, செல்களைச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்து அந்த ஆளைச் சோதித்தாள். சட்டைப் பையைத் தடவினாள், பூட்ஸை விட்டுவிட்டு நிமிர்ந்துவிட்டாள். நான் குனிந்து பூட்ஸுக்குள் கைவிட்டேன். மடக்குக் கத்தி.

ரெனாட்டா அழ ஆரம்பித்துவிட்டாள். குடிகாரன் அவளுக்கு ஆறுதல் சொன்னான். கெஸ்லர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கத்தியைப் பார்த்தார். அவனைச் சோதித்து வண்டியில் ஏற்றியவர் அவர்தானே; அவர் கண்ணிலும் அது படவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

டெபுடிகள் என்னைக் கண்டால் விறைத்து நின்று சல்யூட் அடிக்கிறார்கள். "மகாராணி உத்தரவு குடுத்தா ஒண்ணுக்குப் போலாமா?" என்கிறான் ஒருத்தன். போங்கடா. ஒரு வாரம் உக்காந்ததுக்கே இந்தப் பேச்சு! நான் வருஷக்கணக்கா உக்காந்திருக்கேன்டா — எனக்கு யார் சல்யூட் அடிச்சாங்க?

வீட்டுக்கு வந்து பாத்திரத்தோடு சண்டை போட்டேன். நாளைக்கும் யாரையும் போ என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

ஓட்டு. முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தில் நிற்க இடமில்லை. நான் பேசத் தயாராகப் போனேன். கெஸ்லர் முந்திக்கொண்டார்.

"அந்த சம்பளம் எனக்கும் வேணும். கூரை ஒழுகுது. ஆனா நாம கொண்டுபோய் விடற ஆள தூக்கக் கலக்கத்துல ஒரு பொண்ணு சோதிக்குது. அங்க தப்பிப் போற கத்தி எங்க போகும்னு நெனைக்கறீங்க? நான் வேணாம்னு போடப் போறேன். உங்க இஷ்டம்."

பின்னாலிருந்து ஒருவன் ஊளையிட்டான். எண்ணி முடித்தபோது 'வேண்டாம்' கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பயம் விலகியது, அவ்வளவுதான்.

மார்ச் 18, செவ்வாய்

வோல்ட் இந்த முறை கேக் கொண்டுவரவில்லை. வாரத்துக்கு ஒன்றுதான் கட்டாய ஷிஃப்ட். அதற்கு மேல் ஆள் இல்லையென்றால் லெஃப்டினன்ட்கள் நிற்க வேண்டும். சம்பள உயர்வைக் குறைத்துவிட்டார்கள். சில டெபுடிகள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

கவுண்டி வாரியமும் சம்மதித்துவிட்டது. ஒப்பந்தம் அமலுக்கு வந்தது.

மே 8, வியாழன்

திங்கட்கிழமை பிடித்து வைத்தார்கள், இருந்தேன். இன்று கோட்டைப் போட்டுக்கொண்டபோது மறுபடியும் ஆஸ்ட்பி.

"கார்லா... நீயா விருப்பப்பட்டு இருந்தா உண்டு. என் பையனுக்கு இன்னைக்கு மேட்ச்."

பாவமாக இருந்தது. சரி என்று சொல்லப் பழகிய வாய், திறந்தேவிட்டது. "இல்ல சார்" என்றேன். அவர் டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பள்ளி வாசலில் நின்றேன், இந்த வருடத்தில் முதல் தடவையாக. பெக்கா படியிறங்கி வந்தவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"ஏம்மா... யாரு செத்துட்டாங்க?"