தவிட்டுக்கு வாங்கின தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். கறிக்கடையும் நல்லா ஓடுது. நேத்து ஒரு கெடா கயித்த அறுத்துக்கிட்டு எதுத்த தையக்கடைக்குள்ள பூந்ததுல, அளவு குடுக்க வந்தவரு மேசை மேல ஏறிட்டாரு. சரி, அத விடு, சொல்ல வந்தது வேற.

டாக்டரம்மா என் ரத்தத்தைப் பாத்துட்டு, "ஒல்லியா இருந்தா என்ன? இந்தக் கொழுப்பு உங்க அப்பா வழியில வந்தது. கூடப் பொறந்தவங்களும் பாக்கணும்"னாங்க. அப்பா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு கடையிலயே சாஞ்ச வயசு எனக்கு அடுத்த மாசம் வருது. அதான் மாத்திரை, மீனு, கீரை, காலையில ஓட்ஸ் தவிட்டுக் கஞ்சி. "ஆட்டுக்குப் போட்டது போக மிச்சமா?"ன்னு உன் அண்ணி சிரிக்கிறா.

உனக்குப் போன் போட்டா, "நான்தான் தவிட்டுக்கு வாங்கின புள்ளையாச்சே, உங்க வீட்டு வியாதி எனக்கெப்படி வரும்?"னு வச்சிட்டே. சின்னதுல உன்னை அழவைக்கச் சொன்னதை இன்னும் முடிஞ்சு வச்சிருக்கியே! அப்பா சிரிப்பு அப்படியே உன்கிட்ட இருக்கே, அத எந்தத் தவிட்டுக்கு வாங்கினோம்?

வந்து ரத்தம் குடு தாயி. கொழுப்பு இல்லைன்னா, தவிட்டுக்குத்தான் வாங்கினோம்னு ஊரைக் கூட்டிச் சொல்றேன். இருந்துச்சுன்னா, நான் சொன்னது பொய்யின்னு ஒத்துக்கிட்டு உனக்கும் சேத்துக் கஞ்சி காய்ச்சுறேன். எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு பேருக்குத் தவிடு வாங்கி வச்சிட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பொறந்தவன்