இருபது நாள் மொறுமொறுப்பு

நவம்பர் 10, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டிலும் துணி காயவில்லை. கூடத்தில் கொடி கட்டி இவருடைய சட்டைகள். குனிந்து குனிந்து போய் இடுப்பு வலி.

செய்ய வேண்டியவை: மாவுத் தொட்டி கழுவுவது. அரைவை மெஷினுக்கு பெல்ட், பழையது அறுந்துபோச்சு. கேஸ் பதிவு. பொன்னுத்தாயி அக்காவுக்கு போன்.

கடைசியைத்தான் முதலில் செய்தேன். அக்காவுக்கு மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் முறுக்குக் கடை. பிளாஸ்டிக்குக்குப் பதிலாக மரவள்ளி மாவில் நான் செய்யும் பையில் முறுக்கு போட்டு ஒட்டி, கடை வாசலில் தொங்கவிட்டு இன்றோடு பதினொரு நாள். இருபது நாள் மொறுமொறுப்பு குறையாமல் இருந்தால் கடை முழுக்க என் பை. நான் விட்ட சவால்.

“எப்படிங்கக்கா இருக்கு?”

“வெள்ளிக்கிழம வாங்களேன் டீச்சர், பேசிக்கலாம்.”

காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தியதை விட்டு இரண்டு வருடமாகிறது. இன்னும் டீச்சர்தான். குரலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல சேதியாகத்தான் இருக்கும். என் பையாச்சே.

நவம்பர் 11, செவ்வாய்

மழை வலுத்துவிட்டது. டோல்கேட்டில் பை செய்யும் என் ஷெட்டில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. பக்கெட் வைத்தாயிற்று. தொட்டி கழுவியாச்சு. பெல்ட் மறந்தேன்.

துறையூர்ப் பக்கமிருந்து பெரியசாமி அண்ணன் போன். அவரையும் சேர்த்து ஆறு குடும்பம், என் பேச்சை நம்பி மரவள்ளி போட்டிருக்கிறார்கள். சேலத்து ஆலைக்கு வாங்குகிற ஏஜென்ட் வந்தபோது, “இந்த வருஷம் திருச்சியிலயே ஆள் இருக்கு” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆள் நான்தான்.

“வயல்ல தண்ணி நிக்குதும்மா. இன்னும் விட்டா கிழங்கு உள்ளயே அழுகிரும். தோண்டிரலாமா?”

தோண்டினால் மூன்று நாளுக்குள் அரைத்தாக வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். அரைத்தால் மாவு, மாவிலிருந்து பை. பை வாங்க ஆள் உறுதியாக வேண்டாமா? வெள்ளிக்கிழமை சொல்றேண்ணே என்றேன்.

“சரிம்மா. நீங்க சொன்னா சரி.”

கிழங்கு துறையூரில், மாவும் பையும் டோல்கேட்டில், முறுக்கு மணப்பாறையில். எல்லாம் ஒரு டேங்க் டீசலுக்குள் அடங்கும். இதைவிட ஒரு ஊருக்கு என்ன பிழைப்பு வேண்டும்? நடக்கும். நடத்துவேன்.

நவம்பர் 12, புதன்

நாசம்.

ஷெட் ஜன்னலில் நான் வைத்திருந்த சாம்பிள் பாக்கெட்டை செல்வி பிரித்தாள். பை போடும் மெஷினை ஓட்டுகிறவள், எனக்கு வலது கை. “அக்கா, இதைக் கடிச்சுப் பாருங்க.” கடித்தேன். சத்தமே வரவில்லை. நமுத்துப்போன முறுக்கு.

“பல்லு இல்லாதவங்களுக்கு விக்கலாம்க்கா.”

சிரிப்பு வேறு அவளுக்கு. எனக்குத் தெரியாத கெமிஸ்ட்ரியா? மாவுப் படலம் ஈரத்தை இழுக்கும். புரட்டாசி வெயிலில் என் பீரோவுக்குள் வைத்துச் சோதித்துவிட்டு, ஐப்பசி மழையில் சவால் விட்டவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “நுணலும் தன் வாயால் கெடும்” என்றார்.

“அப்ப இன்னைக்கு உப்புமாவை நீங்களே கிண்டிக்குங்க” என்றேன். கிண்டினார். உப்பு அதிகம்.

நவம்பர் 13, வியாழன்

மழை. ஒழுக்கு இப்போது மூன்று இடம். பெல்ட் கடைக்குப் போகவில்லை. மனசு சரியில்லை.

என் பை ஒன்றும் மோசமில்லை. கிழியவில்லை. எண்ணெய் கசியவில்லை. கொல்லை ரோஜாத் தொட்டியில் புதைத்ததைத் தேடினால் காணவே இல்லை, மக்கியே போச்சு. ஈரம் ஒன்றுதான் குறை.

அக்காவிடம் சமாளிக்க நாலு வழி யோசித்து எழுதினேன். நாலையும் அடித்துவிட்டேன். உள்ளதைச் சொல்வது. ஆறு குடும்பத்துக்கும் நானே நேரில் போய்ச் சொல்வது. அந்த ஏஜென்ட்டின் காலில் விழுவதாக இருந்தாலும் சரி.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டிருந்தது. பஸ்ஸில் மணப்பாறை. கடைக்குள் நுழைந்ததும் நானே முந்திக்கொண்டேன்.

“அக்கா, என் பை தோத்துப்போச்சு. ஈரத்தை இழுக்குது. இருபது நாள் தாங்காது.”

“ஆமா, ஆறாம் நாளே நமுத்துப்போச்சு” என்றார், மாவு பிசைந்துகொண்டே.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா!”

“போன்ல சொன்னா அழுவீங்க.”

அதற்குள் திண்டுக்கல் பஸ் வந்தது. கூடையோடு இரண்டு பெண்கள் ஜன்னல் ஜன்னலாக ஓடினார்கள். பாக்கெட் மேலே போனது, காசு கீழே வந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

“பாத்தீங்களா டீச்சர்? இதுல எவனாச்சும் இருபது நாள் வச்சுத் திம்பானா? வையம்பட்டி வர்றதுக்குள்ள முறுக்கு காலி, கவரு ரோட்டுல. நான் வித்ததுல முக்காவாசி இப்படித்தான் போகுது. பிளாஸ்டிக் கவருக்கு ஃபைன் போடுறாங்க, மாத்து இருக்கான்னுதான் நான் கேட்டேன். இருபது நாள்னு நானா கேட்டேன்? நீங்கதானே சொன்னீங்க!”

உண்மை. கேட்காத கேள்விக்கு விழுந்து விழுந்து பதில் எழுதியிருக்கிறேன். என் மாணவி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

பஸ் பாக்கெட் அத்தனையும் நம் பை. பக்கத்து இரண்டு கடையும் கேட்கிறதாம். வெளியூர் போகும் பெரிய பாக்கெட்டுக்கு வேறு ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும். அக்கா போட்ட ஒரே நிபந்தனை: “பையில ‘இன்றே சாப்பிடவும்’னு பெருசா அடிச்சிருங்க.”

ஆறு குடும்பத்துக் கிழங்கும் போதாது போலிருக்கிறது. அங்கேயே நின்று பெரியசாமி அண்ணனுக்கு போன். “அண்ணே, தோண்டுங்க! ஆறு பேரும் தோண்டுங்க!”



“தோண்டியாச்சேம்மா. நேத்தே.”

“நான் இன்னும் சொல்லவே இல்லையேண்ணே!”

“அதான் வெள்ளிக்கிழம சொல்றேன்னு சொன்னீங்களே. வேண்டாம்னா அன்னைக்கே சொல்லியிருப்பீங்க. வண்டி மண்ணச்சநல்லூர் தாண்டிருச்சு. கேட்டைத் தொறந்து வைக்கச் சொல்லுங்க.”

அக்கா வேண்டாம் என்றிருந்தால்? போனை வைத்துவிட்டு அழுதேன். பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் முன்னால், வெட்கமே இல்லாமல்.

அக்கா ஒரு முறுக்கை என் கையில் திணித்தார். “இதுக்குத்தான் போன்ல சொல்லல.”

திருச்சி பஸ். ஜன்னலோரம் இடம். முறுக்கு கருமண்டபம் வருவதற்குள் காலி. செல்விக்குச் சொல்லியாச்சு, கேட் திறந்திருக்கிறது.

ஐயோ, பெல்ட்!